ஈயப் பெட்டியை இறக்கியவர்

கிரேனின் முன்கால் ஒன்று மண்ணுக்குள் இறங்கியபோது சத்தமே வரவில்லை. அந்த நாளை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சத்தமின்மைதான். அவ்வளவு பெரிய இயந்திரம் சாய்ந்தால் ஏதாவது முறியும், கிறீச்சிடும், யாராவது கத்துவார்கள் என்றுதான் எண்ணிக்கொண்டிருப்போம். அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. இரவெல்லாம் பெய்த மழை விடியற்காலையில்தான் ஓய்ந்திருந்தது. களிமண் குழைந்து கிடந்தது. காலுக்கு அடியில் போட்டிருந்த கட்டையும் தகடும் சேற்றில் ஒரு பக்கமாக அமிழ்ந்தன. ஆள் உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்த ஈயப் பெட்டி மெல்ல என் பக்கமாக நகர்ந்து வந்தது. பெட்டி மட்டும் நகரவில்லை, கிரேனே சாய்கிறது என்று எனக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தேன். கூண்டுக் கண்ணாடிக்குப் பின்னால் கிரேன் ஓட்டும் பாயின் முகம் தெரிந்தது. அவர் பெட்டியைப் பார்க்கவில்லை. சைகைக்காக என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ராமநாதபுரம் சீமையில் பூமிக்கடியில் எரிவாயு தேடி அங்கங்கே துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குக் கீழே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு முகாமில் நான் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்தேன். இயற்பியல் படித்துவிட்டு, அதற்கான தனிப் பயிற்சியும் முடித்துவிட்டு வந்தவள். முகாமில் நான் ஒருத்திதான் பெண். துளைக்குள் ஒரு நீளமான கருவியை இறக்கிப் பாறையின் தன்மையை அளப்பார்கள். அந்தக் கருவிக்குள் விரல் நுனி அளவில் ஒரு கதிரியக்கத் துண்டு இருக்கும். கருவி பழசானதும் அந்தத் துண்டு கழிவாகிவிடும். அதன் பயன் தீர்ந்துபோகும், கதிர் தீராது. அப்படிப்பட்ட துண்டுகளை எல்லாம் கனமான ஓர் ஈயப் பெட்டியில் அடைத்து, முகாமின் கோடியில் கான்கிரீட் வளையம் இறக்கிய குழி ஒன்றில் வைத்திருந்தார்கள். முகாமை மூடும் காலம் வந்தது. வடக்கே அரசின் கழிவுக் கிடங்குக்குப் பெட்டியை அனுப்ப அனுமதியும் வந்துவிட்டது.

அனுப்புவதற்கு முன்னால் என்னென்ன கேடு நேரலாம் என்று யோசித்துப் பார்ப்பதுதான் என் வேலை. கம்பிவடம் அறுந்தால், மூடி கழன்றால், லாரி கவிழ்ந்தால், தீப்பிடித்தால், தண்ணீர் புகுந்தால் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அது நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று எடைபோட வேண்டும். வேலையைப் பற்றி வீட்டில் சொன்னபோது, "நல்லதா நாலு நெனக்கப்படாதா? கெட்டத நெனக்கவா ஒனக்குச் சம்பளம் குடுக்குறாக?" என்று கேட்டாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்த வேலை மெல்ல மெல்லப் புத்தியிலேயே ஏறிவிடும். பஸ்ஸில் ஏறினால் டயரைப் பார்ப்பேன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல் காலைத் தொட்டுப் பார்ப்பேன்.

கிரேன் பாய் வாடகைக் கிரேனோடு வந்தவர். தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர்க்காரர். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் பல வருடம் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். தாடிக்கு மருதாணிச் சிவப்பு ஏற்றியிருப்பார். வெயில் இல்லாத நாளிலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார். தான் கப்பலிலிருந்து இறக்கிய சரக்குகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்த மாட்டார். மேனேஜருக்கு அவருடைய பேச்சு பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். ஆனால் குழியில் இருப்பது என்ன என்று தெரிந்த அன்றைக்கு அவருடைய பேச்சு நின்றுபோனது. தூக்க மாட்டேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். மகளுக்குப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது, மாப்பிள்ளை வீடு நல்ல இடம், இந்த நேரத்தில் நான் ஒன்றுகிடக்க ஒன்று ஆகிக் கிடந்தால் யார் பார்ப்பது என்று கேட்டார். பயத்தை மறைக்கத் தெரியாத மனிதர். அந்த வெளிப்படைத்தன்மையினாலேயே அவரிடம் எதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டி மூடியிருக்கும்வரை எவ்வளவு, திறந்தால் எவ்வளவு, எங்கே நின்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். மீட்டரை அவர் கையில் கொடுத்துக் குழியைச் சுற்றி நடக்கவிட்டேன். உடம்பில் படும் கதிரைப் பதிவுசெய்யும் சின்ன பேட்ஜ் ஒன்றை அவர் சட்டைப் பையில் குத்திவிட்டேன். கடைசியில் அரைமனதாகச் சம்மதித்தார்.

"ஒண்ணே ஒண்ணு மேடம்," என்றார். "நீங்க கிட்டத்துல நின்னா நானும் வண்டியில இருப்பேன். நீங்க ஓடினா நானும் குதிச்சு ஓடிருவேன். பெறகு என்னயக் குத்தஞ் சொல்லப்படாது."

அந்த வாரம் கண்மாய் நிரம்பிக்கொண்டிருந்தது. உபரி நீர் வழியும் கலுங்கு எப்போது வேண்டுமானாலும் பாயலாம் என்று பொதுப்பணித் துறை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். கலுங்குத் தண்ணீர் போகும் வழியில்தான் எங்கள் முகாம். வெள்ளம் வந்தால் முதலில் நிரம்புவது பெட்டி இருக்கும் குழி. பெட்டியோ மிகப் பழசு, மூடியின் போல்டுகள் துருவேறியிருந்தன. இப்போது வரும் பெட்டிகளை உயரத்திலிருந்து போட்டுப் பார்த்துத்தான் சான்று கொடுப்பார்கள். இதை அப்படிச் சோதித்ததற்கு அத்தாட்சி எதுவும் இல்லை. தண்ணீருக்கடியில் பல நாள் கிடந்தால் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஈர மண்ணில் கிரேனை நிறுத்தித் தூக்கினால் என்ன ஆகும் என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மண் காயக் காத்திருந்தால் தண்ணீர் வந்துவிடும். இரண்டு கேடுகளில் எது சின்னது என்று பார்க்க வேண்டியிருந்தது. தூக்கிவிடலாம் என்றேன். கிரேன் ஊன்றும் நான்கு கால்களுக்கும் அடியில் தடித்த கட்டைகளும் இரும்புத் தகடுகளும் போடச் சொன்னேன். பெட்டியை இறக்கிச் சோதித்துவிட்டு லாரியில் ஏற்றுவதற்காகக் குழிக்குச் சற்றுத் தள்ளி மணல் மூட்டைகளைப் பரப்பிப் படுக்கை போல ஆக்கினோம். தூரத்தில் கயிறு கட்டி, மேனேஜர் உட்பட எல்லோரையும் அதற்கு அந்தப் பக்கம் நிறுத்தினேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நானும் கிரேன் பாயும் மட்டும்.

பெட்டி குழியைவிட்டு மேலே வந்ததுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. கிரேனின் கை மணல் மூட்டைகளின் பக்கம் திரும்பத் தொடங்கியபோதுதான் அந்தப் பக்கத்துக் கால் அமிழ்ந்தது. கை நின்றது. பெட்டி ஆடியது. பெட்டியை மணல் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கிரேன் இன்னும் கொஞ்சம் சாய்ந்த பக்கமாகவே திரும்ப வேண்டும். பெட்டிக்கு அது நல்லது. ஆனால் கிரேன் கவிழலாம், கவிழ்ந்தால் பாய் அதற்கடியில். தொங்கும் இடத்திலேயே இறக்கினால் பாரம் குறைந்து கிரேன் நிமிர்ந்துவிடும். ஆனால் நேர் கீழே இருந்தது குழியின் கான்கிரீட் விளிம்பு. பெட்டி அதில் மோதும், உடையலாம். பல நாள் உட்கார்ந்து எடைபோட்ட எதுவும் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை. யோசித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கையைக் கீழ்நோக்கிக் காட்டினேன்.

அவர் இறக்கவில்லை. சன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மேடம், விளிம்புல பட்டா ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சா நான் பாத்துக்கிறேன். இங்கனயே இறக்குங்க, பாய்."

அதற்குள் முன்கால் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்திருந்தது. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இறக்கினார். பெட்டி விளிம்பில் தட்டியது, ஒரு பக்கம் சாய்ந்தது, புரண்டு சேற்றில் விழுந்தது. வடம் தளர்ந்ததும் கிரேன் முழுவதும் குலுங்கி நிமிர்ந்தது. கயிற்றுக்கு அப்பால் நின்றவர்கள் ஓடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது கயிற்றருகே ஒருவரும் இல்லை.

என் காலும் ஓடத்தான் பார்த்தது. பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒருவர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால்தான் நின்றேன். மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். பெட்டியின் அடிப்பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. அங்கே ஈயம் தடிமன், முள் பெரிதாக அசையவில்லை. தெரிய வேண்டியது மூடி இருந்த பக்கம். அது கிரேனைப் பார்த்துக் கிடந்தது. தூரமாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகப் போக, மீட்டரில் விட்டுவிட்டுக் கேட்ட டிக் டிக் ஒலி நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே இரைச்சலாகிவிட்டது. முள் கடைசிவரை ஏறி நின்றது. அளவை மாற்றிவைத்துப் பார்த்தேன். போல்டு ஒன்று தெறித்துப்போய், மூடி விரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அந்த இடுக்கு வழியாக டார்ச் வெளிச்சம் போலக் கதிர் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. அது போய்ச் சேர்ந்த இடம் பாய் இறங்க வேண்டிய கதவு. அவர் கதவின் பிடியில் கை வைத்திருந்தார்.

திறக்காதீர்கள் என்று கத்தினேன். அவர் கையை எடுத்துக்கொண்டார். குலுக்கலில் முழங்கால் நெம்புகோலில் மோதி, எழுந்து நிற்க முடியாமல் இருந்தார். பின்பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு எஞ்சின் பக்கமாக வரச் சொன்னேன். எஞ்சினின் இரும்பு கொஞ்சமாவது தடுக்கும். பின்னால் ஓடிப்போய் நின்றேன். ஸ்பேனரால் அவர் கண்ணாடியை அடிப்பது கேட்டது. முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. என் தொழிலில் நேரம் என்பதும் ஓர் அளவுதான். எவ்வளவு நேரம் நிற்கிறோமோ அவ்வளவு கதிர் உடம்பில் ஏறும். அவர் அடித்த ஒவ்வோர் அடியும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடி நொறுங்கி, அவர் தலையும் தோளும் வெளியே வந்தன. இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து இழுத்தேன். இருவருமாகச் சேற்றில் விழுந்தோம். என் தோளில் கை போட்டு நொண்டிக்கொண்டே கயிறுவரை வந்தார். தாண்டியதும் கேட்டார்.

"மேடம், நெசத்தச் சொல்லுங்க. நான் பொழச்சுக்கிருவேனா?"

பிழைத்துக்கொள்வீர்கள் என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் எண்களை எல்லாம் நான் கூட்டி முடித்திருக்கவில்லை.

அவரை ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் திரும்பிப் போனேன். முகாமில் இருந்த ஈயத் தகடுகளை நீளக் கம்பியால் தள்ளித் தள்ளி இடுக்கை மறைத்தேன். அதற்கு மேல் மணல் மூட்டைகளை உருட்டினேன். மத்தியானத்துக்குள் இரைச்சல் அடங்கி, மீண்டும் விட்டுவிட்டுக் கேட்கும் ஒலியானது. அரசுக் குழு வந்து மூடியை இறுக்கிப் பெட்டியை வேறொரு பெரிய பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போயிற்று. துண்டுகள் எதுவும் சிதறவில்லை, மண்ணில் எதுவும் கலக்கவில்லை என்று சோதித்துச் சொன்னார்கள். அவர்கள் போன மறுநாள் கலுங்கு பாய்ந்தது. குழி இருந்த இடமே தெரியாமல் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடியது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கியது சரிதான் என்று மனம் சொல்லியது. கூடவே, பாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்பதும் நினைவுக்கு வந்தது.

எங்கள் இருவருடைய பேட்ஜுகளும் சோதனைக்குப் போயின. முடிவு வர வாரக்கணக்கில் ஆயிற்று. முழங்கால் கட்டோடு பாய் பலமுறை முகாமுக்கு வந்து கேட்டுவிட்டுப் போனார். கறுப்புக் கண்ணாடி இல்லை, துறைமுகக் கதைகளும் இல்லை. கடைசியில் முடிவு வந்தது. கதிர்ப்பணியில் இருப்பவர்களுக்கு ஒரு வருடத்துக்கு அனுமதிக்கும் அளவுக்கு உள்ளேதான் இருவருக்கும். என்னுடையது அவருடையதைவிடக் கூடுதல். சொன்னதும் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டு, எனக்காகத் துஆ செய்வதாகச் சொன்னார்.

ஆனால் சேதி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது. கயிற்றுக்கு அப்பால் நின்று ஓடியவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருந்தார்கள். பாய் மேல் ஏதோ விஷக் காற்று அடித்துவிட்டது, அவர் தொட்ட பாத்திரத்தைத் தனியாக வைத்திருக்கிறார்கள், முடி கொட்டிப்போகும், வம்சத்துக்கே ஆகாது என்று பேச்சு. மகளின் நிக்காஹ் பேச்சு நின்றுபோனது. பாய் இதை என்னிடம் சொல்லவில்லை. கிரேன் முதலாளி சொல்லித்தான் தெரிந்தது. மாப்பிள்ளையின் உம்மாவை நானே பார்த்துப் பேசுகிறேன் என்றபோது பாய் வேண்டாம் என்றார். பிறகு, எப்போது போவீர்கள் என்று கேட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஆபத்து துளிகூட இல்லை என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச வேண்டாமாம்.

பஸ் ஏறிப் போனேன். கடலைப் பார்த்த வீடு. மாப்பிள்ளையின் உம்மா கணவர் இல்லாமல் தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவர். என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் தானே கேட்டார்.

"அது ஒட்டிக்கிருமா?"

"ஒட்டாதும்மா. விளக்கு முன்னால நின்னா மேல வெளிச்சம் படுது. விலகி வந்துட்டா அது நம்ம கூட வரதில்ல. அது மாதிரிதான்."

"நீங்க எங்கன நின்னீக?"

"அவருக்குப் பக்கத்துல. அவரவிடக் கூடுதல் நேரம்."

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்படி என்னை யாரும் பார்த்ததில்லை. ஊசி முனை கொண்டு தேடுவது போல இருந்தது. கல்யாணமாகிவிட்டதா என்றார். இல்லை என்றேன். உங்களைப் பெண் பார்க்க வருகிறவர்களிடம் இதைச் சொல்வீர்களா என்றார். சொல்வேன் என்றேன். பாயின் மகள் பிறந்து வளர்ந்து பெரியவளான பிறகு நடந்தது இது, அவளுக்கோ அவள் வயிற்றில் பிறப்பதற்கோ இதனால் எதுவும் வர வழியே இல்லை என்று விளக்கினேன். அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"சரி. பொண்ணோட வாப்பாவுக்கு?" என்றார். "அவுகளுக்கு ஒண்ணும் வராதுன்னு எழுதித் தருவீகளா?"

மேனேஜர் சொல்லியனுப்பிய வாக்கியம் வாயில் இருந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே நிக்காஹ் முடிவாகி, பாயின் வீட்டில் விளக்கெரிந்திருக்கும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் வாழ்வு என் நேர்மையினால் கெட்டுப்போகலாம். ஈர மண்ணும் வெள்ளமும் போல இரண்டு பக்கமும் கேடு. வெளியே அலைச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"வரவே வராதுன்னு சொல்ல மாட்டேம்மா," என்றேன். "அவர் வாங்கினது ரொம்பக் கொஞ்சம். அதனால ஒண்ணு வரும்னு நான் பயப்படல. அவரப் பெத்த அப்பா மாதிரி நெனச்சுத்தான் சொல்றேன். ஆனா எழுதிக் குடுக்க என்னால முடியாது. என் விசயத்துலகூட என்னால எழுதிக் குடுக்க முடியாது."

 எழுந்து உள்ளே போனார். வாசல்வரை வந்து வழியனுப்பியது அவர் மகள்தான். பஸ்ஸில் வரும்போது காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். பாயின் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, முகாமில் அவர் கண்ணில் படாமல் நடந்துகொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே வந்தார். கையில் நிக்காஹ் அழைப்பு இருந்தது. எழுதித் தர மாட்டேன் என்று சொன்னவள் பேச்சை நம்பலாம் என்று மாப்பிள்ளையின் உம்மா சொன்னாராம்.

முகாம் மூடிய பிறகு நான் மதுரைக்குப் போய்விட்டேன். மருத்துவமனை ஒன்றில் அதே வேலை. கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்த அன்றே சொன்னேன், அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். பெருநாளுக்குப் பெருநாள் பாயிடமிருந்து போன் வரும். பேரன் பேத்தி கதை, கிரேன் கதை, துறைமுகக் கதை. சில வருடங்கள் முன்பு ஒரு காலையில் அவருடைய எண்ணிலிருந்து வந்த போனில் மகளின் குரல் கேட்டது. இரவு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே வாப்பா மௌத்தாகிவிட்டார் என்றாள்.

அப்போதே கிளம்பி நான் ஏறிய பஸ் ஆர்.எஸ்.மங்கலத்தைத் தாண்டிப் போனது. முகாம் இருந்த இடத்தில் நெல் பச்சையாக நின்றது. எது குழி, எது மணல் படுக்கை என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. உள்ளறையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுடைய மாமியார் எழுந்துவந்து என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். நான் யார் என்று அறையில் மெல்லப் பேச்சு ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வயதான பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் பெட்டியாலதானாம்மா?"

 பல வருடமாக அந்த ஊர் உள்ளுக்குள் வைத்திருந்த கேள்வி அது. நான் வாயெடுப்பதற்குள் மாமியார் பேசினார். "அவுக வாப்பாவும் இதே வயசுல, இதே நெஞ்சுவலியிலதான் போனாக. பெட்டிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. எல்லாம் வெசாரிச்சுத்தான் நான் அந்த வீட்டுல பொண்ணெடுத்தேன்."

கேட்டவர் தலையாட்டிக்கொண்டார். பேச்சு வேறு பக்கம் போனது. யாரோ மெல்ல ஓதத் தொடங்கினார்கள். மாமியாரின் கை என் கையை இன்னும் விட்டிருக்கவில்லை. மற்றவர்கள் காதில் விழாதபடி என் பக்கம் குனிந்தார்.

"நான் சொன்னது சரிதானே?" என்றார்.

சரிதான் என்றேன். இந்தமுறை எழுதியும் கொடுப்பேன் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி ஓதுகிறவர்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்.